நான் காட்டிய இடம்

எனக்கு அவசர புத்தி. "சோறு வேகறதுக்குள்ள எலையப் போடுற பய" என்று அம்மா திட்டுவாள். அந்த அவசரத்தில் நான் செய்த ஒரு காரியம் இரண்டு வருஷமாக என்னைத் தூங்கவிடவில்லை.

மலேசியாவில், ராவாங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் குடும்பத்தோடு நடைப்பயணம் கூட்டிப் போனார்கள். புக்கிட் ரோத்தான் பக்கம், ஆற்றோரமாக வெற்றிலைக் கொடிக்கால்கள், அதை ஒட்டிச் செம்பனைத் தோட்டம், தோட்டக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்து இப்போது இடிந்து கிடக்கும் பழைய லயம். நான் பிறந்த லயம்தான் அது. முட்டி வலி என்று கோயிலுக்குக்கூட வராத அம்மா, இதற்கு மட்டும் முதல் நாளே சேலையை எடுத்து வைத்துவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயதில் ஒரு தம்பி பிறந்தான், ஒன்பதாம் நாளே போய்விட்டான். புதைக்கும் இடத்துக்குப் பெண்கள் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பச்சை உடம்போடு அம்மா லயத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். துணியில் சுற்றிய பிள்ளையை அப்பா தூக்கிக்கொண்டு நடந்தார், நான் பின்னால் போனேன். எங்கே புதைத்தார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இடம் பார்த்தவன் என்று நான் ஒருவன்தான் மிச்சம்.

கொடிக்காலுக்குள் நுழைந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்த எடம்டா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அன்றைக்கு இருந்தது ரப்பர் மரம், அதில் ஒன்றுகூட இப்போது இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. "அங்கிள், லேட் ஆயிடுச்சு லா, சீக்கிரம் வாங்க!" என்று வழிகாட்டிப் பெண் கத்தினாள். மேலாளர் வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அதோ, அந்தக் கடைசிக் கொடிக்குப் பக்கத்துல" என்று கண்ணில் பட்ட ஒரு மேட்டைக் காட்டினேன்.

வலித்த முட்டியை மடக்கி அம்மா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் கொடுத்த பெட்டிப் பாலைக் குடிக்காமல் வைத்திருந்தாள். அதைப் பிய்த்து மண்ணில் ஊற்றினாள். "வந்துட்டேன்டா சாமி. அம்மா வர இவ்ளோ நாளாயிருச்சு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போதும்மா, எந்திரி." பாவி நான்.

திரும்பும்போது வேறு வழியில் வந்ததில், ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மதகைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா மண்வெட்டியைக் கழுவியது அதன் படியில்தான். கழுவிவிட்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். புதைத்த இடம் மதகுக்கு அந்தப் பக்கம். அங்கே இப்போது தார் போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். காலையில் எங்களை வேறு பக்கம் இறக்கிவிட்ட பஸ்ஸும் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அம்மா முகம் கழுவின மாதிரித் தெளிவாக இருந்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அமாவாசை தவறாமல் அவளை அங்கே கூட்டிப் போகிறேன். கொடிக்கால்காரர் நல்ல மனுஷன், அந்த மேட்டை மட்டும் கொத்தாமல் விட்டு வைத்திருக்கிறார். அவரைப் பார்க்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன அமாவாசைக்கு, காரில் வைத்துச் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். "அம்மா, அந்த எடத்தப் பத்தி ஒன்னு சொல்லணும்."

"இரு, நான் மொதல்ல சொல்லிர்றேன். உங்கப்பாவ எத்தன வருஷம் கேட்டேன், மனுசன் வாயத் தொறக்கல. நீதான்டா காட்டுன. நான் போனா சாம்பல்ல ஒரு பிடி அவன் பக்கத்துல போட்டுரு. மிச்சத்த எங்க வேணா கரைச்சிக்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒன்னுமில்லம்மா" என்றேன்.