கல்யாண மண்டபத்தில் ஓர் இருட்டு

பெரிய காஞ்சிபுரத்தில் கலைக்கு இடம் ஆடி மாதத்தில்தான் கிடைக்கும். கல்யாணம் இருக்காது. காலி மண்டபம், குறைந்த வாடகை, அதற்குள் நாங்களும் எங்கள் நாடகமும். போன ஆடியில் நான் எழுதிய நாடகத்தை அப்படி ஒரு மண்டபத்தில் போட்டோம். ஒளியமைப்பும் நானே. வேறு ஆளை விட்டால் ரிசப்ஷன் மேடையாக்கிவிடுவான் என்று பயம்.

பயம் வீண் இல்லை. விளக்குகளோடு வாடகைக்கு வந்த லேப்டாப்பில், அவற்றை ஏற்றி இறக்குகிற மென்பொருளைத் திறந்தேன். முந்தைய புண்ணியவான்கள் சேமித்த காட்சிகள் வரிசையாக நின்றன: மாலை மாத்துறது. கேக் வெட்டுறது. மாமா டான்ஸ். ஒன்றை அழுத்தினேன். மேடை ஊதா, ரோஸ், பச்சை என்று வாந்தியெடுத்தது. சாயம் போட்டே பிழைக்கிற ஊர் இது. அதற்காக எல்லாச் சாயத்தையும் ஒரே தொட்டியிலா கொட்டுவார்கள்? அத்தனையையும் அழித்தேன். எழுதுவதைவிட அழிப்பதில் எவ்வளவு சுகம்!

பிறகு என் காட்சிகளை ஏற்றினேன். அடுப்படிக்கு மங்கின மஞ்சள். ஜன்னலுக்குப் பாதி வெள்ளை. ஒன்று எத்தனை நொடியில் கரைந்து மற்றொன்றாக வேண்டும் என்று சொல்லிவைத்துவிட்டால் போதும், ஒரு பட்டனை அழுத்தினால் மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கடைசிக் காட்சியில் எல்லா விளக்கும் மெல்ல இறங்கிப் பூஜ்யமாக வேண்டும். அந்த இருட்டுக்குள்ளிருந்து கதாநாயகி ஒரே ஒரு வரி சொல்வாள்: "இந்த வீடு எனக்குப் பிடிக்கல."

அந்த வேஷம் போட்ட பெண் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். அவளுக்கு முதல் நாடகம். இருட்டைக் கேட்டதே அவள்தான்.

"வெளிச்சத்துல அந்த வரி எனக்கு வராது சார். எங்க மாமியார் முன்னாடியே உக்காந்துக்கினு இருப்பாங்க. நாடகம்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அப்பறம் ஒரே வீட்டுக்குத்தான் போவணும் இல்ல?"

ஒத்திகையில் மேடை இருண்டதும் மண்டபத்து மேனேஜர் ஓடிவந்தார்.

"இன்னா சார், எழவு ஊடு மாதிரி பண்ணிக்கினு கீறீங்க? மங்களகரமான இடம். ஆவணியில முகூர்த்தம் புக் ஆயிருக்குது. பொண்ணு ஊட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

"ஒரு நிமிஷம்தான்."

"அரை நிமிஷம்னாலும் இருட்டு இருட்டுதான்பா. ஒரு பல்பாவது எரியணும்."

மங்களம்! ஒழுகுகிற குழாய், ஓடாத ஏசி, ஆனி மாதத்துச் சாம்பார் வாடை. இருட்டு ஒன்றுதான் இந்த இடத்தின் புனிதத்தைக் கெடுக்கப்போகிறது. "பார்க்கலாம்" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் பார்த்தது செல்போனை. கடைசிக் காட்சிக்கு வந்தோம். பட்டனை அழுத்தினேன். மஞ்சள் வடிந்தது. சுவர் போயிற்று, அவள் கைகள் போயின, முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இந்த ஓர் இருட்டுக்காகத்தான் அத்தனை வெளிச்சத்தையும் கோத்துவைத்திருந்தேன். அவள் மூச்சிழுப்பது கேட்டது.

டப்.

மண்டபத்து டியூப்லைட்டுகள் கண் சிமிட்டிக்கொண்டு எரிந்தன. வாசலோரம் சுவிட்ச் போர்டில் மேனேஜரின் கை. என் மென்பொருளின் ராஜ்யம் அந்தச் சுவர் வரைக்கும் இல்லை.

அவள் நடுமேடையில் நின்றாள். நேரெதிரே மாமியார், மடியில் முறுக்குப் பொட்டலம். அவள் உதடு அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுமா," என்றார் மாமியார். "பின்னாடி கீறவங்களுக்குக் கேக்க வாணாமா?"

யாரோ சிரித்தார்கள். அவள் மாமியாரையே பார்த்தாள். அப்புறம், கடையில் மாடிக்குக் குரல் கொடுக்கிற சத்தத்தில் சொன்னாள். ஓர் ஒத்திகையிலும் அப்படிச் சொன்னதில்லை. செல்போன்கூட நிமிர்ந்து பார்த்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் மேனேஜர் என் நாற்காலிக்கு வந்துவிட்டார். "பாத்தீங்களா சார்? நான் மட்டும் லைட் போடலைன்னா அந்தப் பொண்ணு மூஞ்சே தெரிஞ்சிருக்காது."

இந்த மனிதர் சொன்னது சரி என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் ரசனை, பேப்பர் தோரணம். என் திரையிலோ எல்லா விளக்கும் பூஜ்யம். கம்ப்யூட்டரைக் கேட்டால் இன்னமும் கும்மிருட்டு என்றுதான் சாதிக்கும்.

மாமியார் மேடையோரம் வந்து நின்றார். "கிளம்புமா. எந்த வீடுன்னு வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

அவள் குனிந்து செருப்பைத் தேடினாள். சிரித்தாளா, உதட்டைக் கடித்தாளா? பார்க்க வேண்டிய வெளிச்சம் வேண்டிய மட்டும் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.