அடி தொடாத நங்கூரம்

திருகோணமலைப் பக்கம் சல்லிக் கிராமத்தில் இரண்டு மாடி வீடு, ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகும் மூன்று ரோலர் படகுகள், ஐஸ் ஏற்றச் சொந்த லொறி. எல்லாம் நான் உண்டாக்கியவை. சண்டையும் சுனாமியும் வழித்துத் துடைத்த பிறகு, திரும்பவும் உண்டாக்கியவை. பள்ளிக்கூடம் எனக்கு நாலாம் வகுப்போடு சரி. தகப்பன் சொத்தென்று ஒரு துடுப்புக்கூட வரவில்லை.

அதனால்தான், படகைப் பொறுப்பேற்று ஓட்டும் ஸ்கிப்பர் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்குக் கடல் அனுபவம் போதுமா என்று பார்க்க, கடற்றொழில் திணைக்களத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். அதற்கென்று வந்த அதிகாரி கொழும்பில் படித்தவர். கோப்பின் தடிப்பைப் பார்த்தே அனுபவத்தை அளந்துவிடுவார்.

போன மாதம் ஒரு படகு முதலாளியின் மருமகன் வந்தான். மூன்று வருடம் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போய்வந்தானாம். அப்படிச் சொன்ன கடிதமெல்லாம் மாமனார் கையெழுத்து வைத்தவை.

"நாள் கணக்குச் சரியா இருக்கு ஐயா, குடுத்திடலாம்," என்றார் அதிகாரி.

"மாமன் மருமகனுக்கு வேற என்னத்தை எழுதுவார், சேர்? ஆளைப் படகில ஏத்துங்கோ."

ஏற்றினோம். துறைமுக வாயில் வரை நன்றாகத்தான் ஓட்டினான். வாயிலைத் தாண்டியதும் எண்ணெய்க் குழாயைச் சத்தமில்லாமல் மூடினேன். இஞ்சின் நின்றது. படகு பாறைப் பக்கம் இழுபடத் தொடங்கியது. அவன் முன்பக்கம் பாய்ந்தோடி நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான்.

"என்ன சுறுசுறுப்பு, பாத்தீங்களா!" அதிகாரி புள்ளி போடப் பேனையைத் திறந்துவிட்டார்.

கயிறு ஓடியது, ஓடியது, முடிந்தே போனது. நங்கூரம் தண்ணீருக்குள் தொங்க, படகு தன்பாட்டில் பாறையை நோக்கிப் போனது. அந்த இடத்தில் கடல் பாதாளம். எந்தப் படகின் கயிறும் அடியை எட்டாது. இங்கே படகில் ஒரு மாதம் சோறு காய்ச்சின சமையல்காரனுக்கும் அது தெரியும்.

"தம்பி, நங்கூரம் என்ன குளிக்கவோ இறங்கினது?"

"கயிறு கட்டை, ஐயா, நீளம் காணாது."

"கயிறைச் சாட்டாதை. மூண்டு வருசம் இதால போய்வந்த ஆள் இதில நங்கூரம் போடுவானோ? எத்தினை தரம் கடலுக்கு வந்தனீ?"

"ரண்டு தரம். ரண்டு தரமும் தலை சுத்திச் சத்தி எடுத்துப் படுத்திட்டன்."

குழாயைத் திறந்து, அதற்குள் புகுந்த காற்றை வெளியே எடுத்து, இஞ்சினை நானே இயக்கிக் கொண்டுவந்து சேர்த்தேன். அவனுக்குச் சான்றிதழ் இல்லை. அவனை நம்பி ஆழ்கடலுக்குப் போகவிருந்தவர்கள் தப்பினார்கள்.

அறிக்கையை மகள் வாசித்துக் காட்டினாள். "என்னால் நடத்தப்பட்ட பரீட்சையில் கண்டறியப்பட்டது" என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அவராலாம்! புள்ளி போட வெளிக்கிட்டவர் அவர். இப்போது வருகிற எல்லாரையும் அதே இடத்தில் இஞ்சினை நிறுத்தித்தான் சோதிக்கிறார்களாம். சோதிக்கட்டும். ஆனால் அந்த அறிக்கையைத் திருத்தி, குழாயை மூடியவன் நான் என்று எழுத வேண்டும். என் முழுப் பெயரையும், பிழையில்லாமல்.