மந்திர வாளை வேண்டாமென்ற மச்சாள்

போர்க்காலத்தில் வவுனியாவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த மச்சாள், வெளியூர்த் தமிழருக்குக் கட்டாயமாயிருந்த பொலிஸ் பதிவு முடிந்த பிறகுதான் நிம்மதியாக என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மாயாஜால விளையாட்டில் அவளுடைய வீரனின் வீட்டுக் கதவைக் காவலர்கள் தட்டினார்கள்.

“உள்ளே வெளியூர் ஆள் இருக்கிறானா?”

உள்ளே ஒருவன் ஒளிந்திருந்தான். காட்டிக்கொடுத்தால் மந்திர வாள் கிடைக்கும். மச்சாள் ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். அவன் பின்கதவால் தப்பினான். காவலர்கள் வீட்டைக் கொளுத்தினார்கள்.

நான் பதறினேன். “சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிப் போங்கோ, மச்சாள். வாளை எடுக்கலாம்.”

“வேண்டாம். என்ர அண்ணாவைத் தேடி வந்தவங்களிட்ட ஒருத்தரும் இப்பிடி ‘இல்லை’ எண்டு சொல்லேல்லை.”

எரியும் வீட்டுக்குப் பின்னால் காட்டுப் பாதையொன்று திறந்தது. மரமெல்லாம் மின்மினி. தப்பியவன் விளக்கோடு காத்து நின்றான்.

அந்த வாளை எத்தனையோ தடவை வென்றவன் நான். அப்படியொரு பாதை இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.