டெம்ப்ளேட்டுக்குள் ஒரு கணவர்

எங்கள் முதலாளிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. மூன்று தலைமுறையாக நூல் வியாபாரம் செய்த குடும்பத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் படித்தவர் அவர்தான். அடுத்தது, அவர் எழுதி வைத்திருக்கும் கட்டளை. முதலாவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டாவதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் தெரு ஒன்றில், மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் கோடு எழுதுகிறவர்கள் அவரும் நானும் மட்டும்தான். நான் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒரு படிவம், ஒரு பட்டியல், ஒரு பிரிண்ட். அதனால் முதலாளி, நாங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்தச் சட்டகத்துக்குள் சொந்தமாக ஒரு கட்டளையை எழுதியிருந்தார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டி, எந்த டேபிள், அதாவது எந்தத் தகவல் பட்டியல், என்று சொன்னால் போதும். படிவம், சேமிக்கும் கோடு, பட்டியல், அடையாள அட்டை அடிக்கும் கோடு என்று ஏழெட்டு ஃபைல்களை அதுவே எழுதிப் போட்டுவிடும். கஸ்டமர் யாராவது வந்தால் உட்காரவைத்து அதை ஓட்டிக் காட்டுவார். காபி ஆறுவதற்குள் சாஃப்ட்வேர் ரெடி என்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் சேர்ந்த பிறகு ஸ்டாட்டிக் அனாலிசிஸ் கருவி ஒன்றைக் கொண்டுவந்தேன். அது கோடை ஓட்டாமலே வரி வரியாகப் படித்துப் பார்த்து, இந்த இடத்தில் மதிப்பு இல்லாமல் போகலாம், போனால் அடுத்த வரியில் எல்லாம் நின்றுவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். கஸ்டமர் திட்டுவதற்கு முன்னால் அது திட்டிவிடும். எனக்கு அதைப் பிடிக்கும். முகதாட்சணியம் பார்க்காது.

முதலில் முதலாளியின் கட்டளையை அதனிடம் கொடுத்தேன். பிழை ஒன்றும் இல்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"பாத்தியாம்மா. ஒரு குத்தம் சொல்ல முடிஞ்சுச்சா?"

அந்தச் சாய்வு எனக்குப் பொறுக்கவில்லை. கட்டளைக்குள் இருக்கும் டெம்ப்ளேட், அதாவது அது எழுதிப் போடும் ஃபைல்களுக்கான அச்சு, என் கருவிக்கு வெறும் எழுத்துதான். மேற்கோள் குறிகளுக்குள் என்ன எழுதியிருந்தாலும் அது கோடு என்று எடுத்துக்கொள்ளாது. கட்டளை எழுதிப் போடும் ஃபைல்களைச் சோதித்தால்தான் வண்டவாளம் தெரியும் என்று சொன்னேன். வண்டவாளம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். பிறகு அந்த ஃபைல்களைச் சோதித்தேன். திரை முழுக்கச் சிவப்பு.

பெரும்பாலும் ஒரே புகார்தான். ஊழியர் பட்டியல் எதுவானாலும், பெண் என்றால், கல்யாணம் ஆனவர் என்றால், கணவர் பெயரை எடுத்து அதன் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடு, ஆகாதவர் என்றால் தந்தை பெயரை எடு என்று டெம்ப்ளேட்டிலேயே முதலாளி எழுதி வைத்திருந்தார். கணவர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால் முதல் எழுத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டது கருவி.

"கல்யாணம் ஆனவுகளுக்குப் புருசன் பேரு எப்பிடிம்மா இல்லாமப் போகும்?" என்றார்.

"எழுதாம விட்டுட்டா, சார்?"

"எந்தப் பொம்பள விடுவா? இது வெள்ளைக்காரன் செஞ்ச மிசினு. நம்மூரு வழக்கம் அதுக்குத் தெரியாது. அந்த ஃபோல்டர மட்டும் பாக்காதன்னு அதுகிட்டச் சொல்லிரு."

அப்படிச் சொல்ல வழி உண்டு. கருவியின் அமைப்பு ஃபைலில், கட்டளை எழுதிப் போடும் ஃபோல்டரை விட்டுவிடு என்று ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன். உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே எழுதினேன். திட்டியதால் அந்த வரி என்னுடையது இல்லை என்று ஆகிவிடாது. மறுபடி ஓட்டியதும் பச்சை வந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன்.

திருச்சுழி ரோட்டில் ஒரு தையல் கம்பெனி. பரளச்சி, வீரசோழன் பக்கத்துப் பெண்கள் வேனில் வந்து தைத்துவிட்டுப் போகிறார்கள். மழை ஏமாற்றிய வருஷங்களில் காட்டு வேலை இல்லாமல் போனவர்கள் நிறையப் பேர். ஒரு திங்கட்கிழமையிலிருந்து அடையாள அட்டை இல்லாதவர்களை வேனில் ஏற்றக் கூடாது என்று கம்பெனியில் உத்தரவு போட்டார்கள். அட்டை அடிக்கும் சாஃப்ட்வேர் எங்களுடையது. கட்டளையை ஓட்டினோம், அவர்கள் கொடுத்த பட்டியலை ஏற்றினோம், கொடுத்தோம். சனிக்கிழமை மதியம் அங்கே சூப்பர்வைசர் அட்டை அடிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டு அட்டை வந்தது. பதின்மூன்றாவதில் பிரிண்ட் நின்றது. அதற்குப் பிறகு இருந்த ஐம்பது பேருக்கும் அட்டை இல்லை.

சூப்பர்வைசர் போன் செய்தார். பதின்மூன்றாவது ஆள் கல்யாணம் ஆனவர் என்று குறித்திருக்கிறார், ஆனால் கணவர் பெயரை எழுதவில்லை என்றார்.

"ஏதாச்சும் ஒரு பேரப் போட்டு அடிங்க" என்றார் எங்கள் முதலாளி.

"போட விடமாட்டேங்குது சார் அந்தம்மா. அப்பா பேரு போடுறம்னாலும் வேணாங்குது."

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ திருச்சுழிதான? போற வழிதான். போயி அந்தம்மாகிட்டப் பேசிச் சரிக்கட்டு. பொம்பளைக்குப் பொம்பள சொன்னாக் கேப்பாக."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எரிச்சல் முதலாளி மேலா, என் மேலா என்று பிரிக்க முடியவில்லை.

கம்பெனியில் மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அட்டை வராத பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அந்த அக்கா மட்டும் நூல் வெட்டும் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். யாரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

"இவ ஒருத்தியால நாங்கள்லாம் திங்கக்கெழம வீட்டுல உக்காரணுமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். "ஒரு பேரு எழுதுறதுக்கு என்ன கேடு?"

நான் அந்த அக்காவிடம் குனிந்து மெதுவாகத்தான் கேட்டேன். அவர் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவன் அடிச்ச அடியில எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தப் பேரக் கழுத்துல தொங்கவிடவா தாலியக் கழட்டுனேன்?"

"அப்பா பேரு போடலாமேக்கா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"மூணு தடவ தப்பிச்சு ஓடியாந்தேன். மூணு தடவயும் அவன்கிட்டயே கொண்டுபோயி விட்டவரு எங்கப்பா. அவரு பேரும் வேணாம்."

"அப்ப எதுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு குறிச்சீக?" என்று குறுக்கே வந்தார் சூப்பர்வைசர்.

"ஆச்சுல்ல. ரெண்டு பிள்ள இருக்கு. ஆகலன்னா எழுதுவாக? ஆச்சா ஆகலையா, ரெண்டுதான கேட்டிருந்துச்சு."

அந்த இரண்டைக் கேட்டது எங்கள் டெம்ப்ளேட். சரிக்கட்ட வந்தவள் நான். எனக்கு முகம் சுட்டது. அட்டை நின்றது இவரால் இல்லை, எங்கள் சாஃப்ட்வேர் தப்பு, அது எங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் மறைத்தவள் நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரிய உண்மையை உடைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு. கூட்டம் அசையவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். அட்ட எப்பக் கெடைக்கும்?" என்றாள் முதலில் பேசியவள்.

மேஜையில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் நான் எழுதிய அந்த வரியை அழித்தேன். கருவியை ஓட்டினேன், பழைய சிவப்பு அப்படியே வந்தது. முதலாளியின் கட்டளைக்குள் போய் டெம்ப்ளேட்டை மாற்றினேன். பெயர் இல்லையென்றால் இனிஷியல் இல்லாமல் அடி, நிற்காதே. கட்டளையை மறுபடி ஓட்டி எல்லா ஃபைல்களையும் புதிதாக எழுதவைத்து, மறுபடி சோதித்தேன். சூப்பர்வைசர் சொல்லியிருப்பார் போல, இடையில் முதலாளி போனில் வந்தார்.

"யாரக் கேட்டு என் கட்டளையில கை வச்ச?"

"கருவியக் கேட்டு, சார்."

"திங்கக்கெழம ஆபீசுக்கு வா. உன் வேலையப் பத்திப் பேசிக்கிருவோம்."

"வாரேன் சார்" என்று வைத்துவிட்டேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் மனதில் முதலில் ஓடியது.

கடைசிச் சிவப்பும் போனது. இந்தத் தடவை எதையும் மறைக்காமல் வந்த பச்சை. ஐம்பத்தோரு அட்டைகளும் நிற்காமல் வந்தன. பெண்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வேனை நோக்கி ஓடினார்கள். பதின்மூன்றாவது அட்டையை நானே எடுத்துப் போய் அந்த அக்காவின் கையில் கொடுத்தேன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்து நின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அட்டையில் போட்டோ இருந்தது. இனிஷியல் இல்லாமல் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே 'தந்தை அல்லது கணவர் பெயர்' என்று அச்சாகி, பக்கத்தில் வெறும் இடம். அவர் அந்த வெறும் இடத்தில் விரலை வைத்தார்.

"இதப் பாக்குறவுக எல்லாம் ஏன் எழுதலன்னு கேப்பாக. இனிமே தெனமும் கம்பெனி கேட்டுல நின்னு நான் பதில் சொல்லணும்."

அட்டையை என் பக்கம் நீட்டினார்.

"தைக்கிறதுக்கு எதுக்கு தங்கச்சி ஆம்பள பேரு?"

அந்த வரி அட்டையில் எதற்கு என்று கருவி ஒரு தடவையும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பெயர் இல்லாவிட்டால் கோடு நிற்காமல் இருக்க வேண்டும் என்பதோடு என் கவலை தீர்ந்துவிட்டது.

வேன் ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். அட்டையைத் திருப்பி, எழுத்தும் போட்டோவும் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி மாட்டிக்கொண்டு போய் வேனில் ஏறினார்.