சரஸ்வதிக்கு வைத்த நாவல்

புத்தகத்துக்குப் பிரவுன் பேப்பரில் உறை போட எனக்குப் பழக்கியது அம்மாதான். அந்த வித்தையை அம்மாவிடமே காட்டினேன். அட்டையில் ஒரு பையனும் பெண்ணும் ஒட்டி நின்ற நாவலுக்கு உறை போட்டு, மேலே 'இங்கிலிஷ்' என்று எழுதிவைத்தேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் கதைப்புத்தகம் என்றால் படிப்பைக் கெடுக்க வந்த சனியன்.

அமெரிக்க நகரம் ஒன்றின் நெரிசலான தெருவில் வளரும் லத்தீன் அமெரிக்கப் பெண்ணின் கதை அது. விசா இல்லையென்று அவளுடைய அப்பாவைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பில் என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவளும் அந்தப் பக்கம்தான், பொலிவியாக்காரி. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையில் தாயோடு இருந்தாள். அப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். நூலகக் கார்டுக்குப் பெயர் கொடுக்கக்கூட அவளுடைய தாய்க்குப் பயம். விசா கிடைக்கும்வரை எங்கள் வீட்டிலும் அதே பயம்தான், கிடைத்ததும் மறந்துபோனோம்.

அதனால் என் கார்டில் எடுத்து மாறி மாறி வாசித்தோம். ஒருத்தியை விட்டு மற்றவள் முன்னே போகக்கூடாது என்று சத்தியம். அடையாளத்துக்கு ஒரு சொக்லேட் தாள். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். "அவர் திரும்பி வருவாரா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பாள். யாருடைய அப்பாவைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தாய்க்கு ஸ்பெயினில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை பயணம். வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் தருகிறேன், ஒரே மூச்சில் முடித்துவிடு என்றேன்.

நவராத்திரியை நான் நினைக்கவில்லை. வியாழக்கிழமை குளித்துவிட்டு வந்தால், அம்மா என் பையைக் கவிழ்த்துப் புத்தகங்களையெல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, குங்குமப் பொட்டோடு, என் 'இங்கிலிஷ்'. ஞாயிற்றுக்கிழமை விஜயதசமிவரை தொடக்கூடாது.

ஒரு வார்த்தை போதும். 'அம்மா, அது கதைப்புத்தகம்' என்றிருந்தால் அவரே அந்த நிமிடம் அதைத் தூக்கி எறிந்திருப்பார்; நான் பொறுக்கி அவளிடம் கொடுத்திருக்கலாம். பிறகு எனக்குப் பூசை நடந்திருக்கும், கார்டு பறிபோயிருக்கும், அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் 'மறந்துவிட்டேன்' என்று புளுகினேன். மாலையில் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஆர் பிள்ளை அது? என்னவாம்?" அம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"என்ரை வகுப்புப் பிள்ளை. நாளைக்கு ஸ்பெயினுக்குப் போறாளாம். சொல்லிட்டுப் போக வந்தவள்."

அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அதோ இருக்கிறதே" என்றாள் ஆங்கிலத்தில். ஆறு அடி தூரம்கூட இல்லை. அது கடவுளுக்கு வைத்தது, ஞாயிறுவரை தொட முடியாது என்றேன். பழியைத் தூக்கிக் கடவுளின் தலையில் போட்டேன். கத்தோலிக்கப் பிள்ளை, கடவுள் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"பாவம், வெறுங்கையோட அனுப்பாதை" என்று அம்மா அவலும் கடலையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை அம்மா எனக்குத் திருநீறு பூசி, அந்தப் புத்தகத்தையே எடுத்து, சொக்லேட் தாள் நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் விரித்துத் தந்தார். "உரக்க வாசி பிள்ளை, சரஸ்வதி கேக்கட்டும்."

சத்தியம் செய்த அதே வாயால் வாசித்தேன். கதையில் அப்பா திரும்பி வந்துவிட்டார். கதவைத் தட்டினார்; மகள் ஓடிப்போய்த் திறந்தாள். அதை ஸ்பெயினுக்குப் போனவளிடம் சொல்ல என்னிடம் ஒரு விலாசம்கூட இல்லை.

கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மட்டும் ஆங்கிலம் தெரிந்த அம்மா, கை கூப்பியபடி முழுவதையும் கேட்டார்.

"கெட்டிக்காரி," என்றார். "எல்லாம் விளங்குதே?"

"ஓம் அம்மா."