கப்பல் தெரியும் வீடு

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்தபிறகு அன்புவழிபுரத்து வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்குக் கப்பல் தெரியட்டும் என்றுதான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பேசினேன்.

சாமான் ஏற்ற இரண்டு இடத்தில் விசாரித்தேன். கிண்ணியாவிலிருந்து வந்த லொறிக்கார நானா புது வீட்டுப் படிக்கட்டை நாடா பிடித்து அளந்தார்.

“ஐயாவைக் கதிரையில இருத்தித் தூக்கினா இந்த வளைவில திருப்ப ஏலாது தங்கச்சி. வேற வீடு பாருங்கோ.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “சாமான் ஏத்துறது மட்டும்தான் உங்கட வேலை, நானா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மற்றக் கம்பனிக்காரர் வந்து பார்க்கவே இல்லை. “எல்லாம் செய்யலாம்” என்று போனிலேயே சொன்னார்கள். எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

அலுமாரியும் கட்டிலும் கழற்றப்பட்டு மேலே போயின. கடைசியாக அப்பாவை நான்கு பேர் கதிரையோடு தூக்கினார்கள். வளைவில் கதிரை சிக்கியது. அவர்கள் நெருக்கித் தள்ள, அப்பாவின் விளங்காத கை சுவரில் தேய்ந்து தோல் உரிந்தது.

“விடு பிள்ளை, நான் கீழயே கிடக்கிறன்” என்றார்.

கீழே இருந்தது யன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவர் மேலே வர ஒப்பவில்லை.

“கப்பல் வந்திட்டோ பிள்ளை?” என்று காலையில் கேட்பார். முதலில் எல்லாம் ஓடிப்போய் மேலே பார்த்துவிட்டு வந்து சொல்வேன். இப்போது அறை வாசலில் நின்றபடியே, “ஓம் அப்பா, பெரிசா ஒண்டு நிக்குது” என்கிறேன்.

அந்தக் கம்பனிக்காரரைப் போல நானும் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டேன்.