ஸ்கோர் மேசையோரத்து நாற்காலி

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கும் பக்கத்து பிளாக்குக்கும் நடந்த பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் அப்பா நடுவராக நிற்க வேண்டியவரே இல்லை. வர வேண்டியவருக்குக் கடைசி நேரத்தில் செகண்ட் ஷிப்ட் விழுந்துவிட்டது. மைன்ஸில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மகள்கள் இருவரும் ஒரே அணியில் இருக்க, அப்பாவே விசில் ஊதுவதா என்று எதிரணியில் முணுமுணுத்தார்கள். அதற்காகவே அவர் எங்களிடம் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தார்.

"கிரவுண்டுல நான் அப்பா கெடையாது. சார்னு கூப்பிடணும்" என்றார்.

இருவரும் அணியில் இருந்தோம் என்றாலும் ஆடியது அக்காதான். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் முழுக்க பெஞ்சைத் தேய்த்ததுதான் என் சாதனை. அன்று விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கக் கடலூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அந்த ஒரு நாளுக்காக அக்கா மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடியிருந்தாள். அவர் வந்த பஸ் வழியில் நின்றுபோய், கடைசிக் கால்பகுதியில்தான் வந்து உட்கார்ந்தார். அவர் நோட்டைத் திறந்த சற்று நேரத்தில் யாருடைய முழங்கையோ பட்டு அக்காவின் மூக்கில் ரத்தம். அப்பா விசில் ஊதி, அவளை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டினார். ரத்தம் நிற்கும்வரை ஆடக் கூடாது என்பது விதி. பெஞ்சில் மிச்சமிருந்தது நான் மட்டும்.

உள்ளே போனேன். பயமாக இருந்தது. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ரத்தம் நின்றதும் அக்கா ஸ்கோர் மேசைக்கு ஓடினாள். மாற்று ஆட்டக்காரருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கோர் எழுதியவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர்.

"பால் டெட் ஆவட்டும் பாப்பா, அதுவரைக்கும் உக்காந்துகினு இரு" என்று அவர் சொன்னது உள்ளே நின்ற எனக்கே கேட்டது.

பந்து கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது அப்பா ஏதாவது தவறுக்கு விசில் ஊத வேண்டும். அப்போதுதான் அவள் உள்ளே வரலாம். நான் வெளியே போக வேண்டியதுதான். பந்து நிற்கவே இல்லை. அப்பா விசிலைப் பல்லில் கடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். ஒருமுறை அந்த நாற்காலியைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

கடைசி நிமிடம் வந்தது. நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பார்க்க வந்தவர்கள் மூச்சுகூட விடவில்லை. தரையில் ஷூ கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. எதிரணிப் பெண் பந்தைத் தட்டிக்கொண்டு என் முன்னால், எல்லைக்கோட்டுக்கு ஓரடி உள்ளே வந்து நின்றாள்.

"வெளிய தட்டுடி!" என்றாள் அக்கா.

ஒரு தட்டு தட்டினால் போதும். பந்து எப்படியும் அவர்களிடம்தான் இருந்தது, எங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அக்கா வந்துவிடுவாள். நான் மறுபடி பெஞ்சுக்குப் போய்விடுவேன்.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. தட்டவில்லை, பறித்துக்கொண்டு ஓடினேன். கூடையில் போட்டேன்.

கடைசி இரண்டு நிமிடத்தில் கூடை விழுந்தால் கடிகாரம் நிற்கும். அக்கா எழுந்து நின்றாள். ஆனால் அப்போது ஆள் மாற்றக் கேட்கும் உரிமை, கூடை போட்டவர்களுக்கு இல்லை, எதிரணிக்குத்தான். அவர்கள் மாற்றினால்தான் நாங்களும் மாற்றலாம். அவர்கள் கேட்கவில்லை. அப்பா அக்காவை நோக்கி உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பா!" என்றாள். சார் என்று கூப்பிட மறந்துவிட்டாள்.

அவர் திரும்பிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். எதிரணி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, ஆட்டம் முடிந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தோம். என்னைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மேலேயிருந்து பார்த்தபோது கடலூர்க்காரர் நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார். அக்கா ரத்தக்கறைத் துண்டோடு அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா திரும்பாமலே கேட்டார்: "அக்கா கத்துனது ஒனக்குக் கேக்கலயா?"

பின்னாலிருந்து அக்கா பதில் சொன்னாள்: "அவ்ளோ சத்தத்துல அவளுக்கு எங்க கேக்கும்ப்பா? வுடுங்க."

அக்கா நம்பிவிட்டாள், தப்பித்தேன் என்று நிம்மதியாக அவள் மேல் சாய்ந்துகொண்டேன். அந்தக் கடைசி நிமிடத்தில் மைதானத்தில் சத்தமே இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.